ஹூஸ்டன் தோட்டத்துக்குக் குளிர் தாங்கும் செடிகள்: எதை நிரந்தரமாக நடுவது, எதைத் தொட்டியில் வைப்பது?

கேள்வி இதுதான். சென்னையிலிருந்து வந்து, ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் வீடு வாங்கியிருக்கிறீர்கள். முன்பு இருந்தவர்கள் வைத்த குயீன் பாம் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, வேலியோரச் செடிகளில் பாதி காய்ந்துவிட்டன. வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில் கொளுத்துகிற ஊரில் குளிருக்குப் பயந்தா செடி வாங்க வேண்டும், முருங்கை, கறிவேப்பிலை, மல்லியெல்லாம் வருமா வராதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படத்தான் வேண்டும், ஆனால் எல்லாச் செடிக்கும் இல்லை. நிழல் மரம், வேலிச்செடி, வீட்டு முகப்பில் சுவரை ஒட்டி நிற்கும் புதர் இவை போனால் பத்து வருட வளர்ச்சி போய்விடும். செத்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தவே நல்ல தொகை ஆகும், இதற்கிடையில் ஹெச்ஓஏவிடமிருந்து (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) கடிதம் வேறு வரும். ஆகவே இவற்றை மட்டும், இருபது வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய மோசமான ராத்திரியை மனதில் வைத்து வாங்குங்கள். பூச்செடி, வாழை, முருங்கை போன்றவை மேலே கருகினாலும் வேரிலிருந்து துளிர்த்தால் போதும். அதற்கும் வழியில்லாதவை தொட்டிக்குப் போகட்டும். நர்சரிக்குள் நுழையும் முன்பே இந்தப் பிரிவினையைச் செய்துகொண்டால் வேலை பாதி முடிந்தது.

அந்த மோசமான ராத்திரி எவ்வளவு மோசம் என்று பார்ப்போம். (நான் சொல்லும் டிகிரியெல்லாம் ஃபாரன்ஹீட். 32ல் தண்ணீர் உறையும்.) 2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டன் விமான நிலையத்தில் 13 டிகிரி. அது கிட்டத்தட்ட மைனஸ் பத்தரை செல்சியஸ். 1989 டிசம்பரில் 7 வரைக்கும் இறங்கியிருக்கிறது. 2022 கிறிஸ்துமஸுக்கு முன்பும் 15ஐ ஒட்டிப் போனது. 2025 ஜனவரியில் பனியே கொட்டியது. நடுவில் பல வருடம் 25க்குக் கீழே போகாமலும் இருக்கும். அந்த நல்ல வருடங்களில்தான் எல்லோரும் ஆசைப்பட்டுக் குயீன் பாம் வைக்கிறார்கள்.

செடியோடு வரும் அட்டையில் "சோன் 9" என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க வேளாண் துறையின் வரைபடத்தில் உங்கள் பகுதி 9ஏ அல்லது 9பியில் வரும். 9ஏ என்றால் 20 முதல் 25 டிகிரி, 9பி என்றால் 25 முதல் 30. பலர் இதை "இதற்குக் கீழே குளிர் போகாது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வருடத்தின் மிகக் குளிர்ந்த ராத்திரியையும் எடுத்து, முப்பது வருடத்துக்குச் சராசரி பார்த்த கணக்கு அது. சராசரி என்றால் ஏறக்குறைய பாதி வருடங்கள் அதைவிடக் கீழே போயிருக்கும். முழங்கால் ஆழம்தான் சராசரி என்று கேட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குகிற மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, 2023ல் வந்த புதிய வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான பதிவுகளைக் கொண்டு போடப்பட்டது. 2021ன் அந்த 13 டிகிரி அதில் இல்லவே இல்லை. அதனால் நிரந்தர மரங்களுக்கு நான் சொல்லும் விதி: உங்கள் சோன் 9 என்றால் சோன் 8 செடியை வாங்குங்கள், சோன் 7 செடி கிடைத்தால் இன்னும் நல்லது. எண் குறையக் குறையக் கூடுதல் குளிரைத் தாங்கும் செடி என்று அர்த்தம்.

அதற்காக வடக்கே மிச்சிகனில் வளர்வதையெல்லாம் கொண்டுவந்து வைத்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் ஆகாது. லைலாக், பியோனி, புளூ ஸ்ப்ரூஸ் எல்லாம் மைனஸ் இருபதைக்கூடத் தாங்கும். ஆனால் ஹூஸ்டன் ஜூலை ராத்திரியின் புழுக்கத்தை அவை தாங்காது. லைலாக்குக்கு நீண்ட குளிர்காலம் கிடைக்காவிட்டால் பூவும் வராது. 2023 ஆகஸ்டில் இங்கே 109 டிகிரி அடித்தது. நமக்கு வேண்டியது கோடையில் அவிந்து, மழையில் ஊறி, எப்போதாவது ஒரு ராத்திரி உறைந்தும் பிழைக்கிற செடி. அப்படிப்பட்ட தட்பவெப்பம் உலகத்தில் சில இடங்களில்தான் உண்டு: அமெரிக்காவின் தென்கிழக்கு, வடகிழக்கு மெக்சிகோ, தென் சீனமும் தென் ஜப்பானும், தென் பிரேசில் உருகுவே பக்கம். ஒரு செடியின் சொந்த ஊர் இந்தப் பட்டியலில் இருந்தால் நம்பி வாங்கலாம். மத்தியத் தரைக்கடல் செடிகள், குறிப்பாக லாவண்டர், குளிரைத் தாங்கினாலும் நம் களிமண்ணின் ஈரத்தில் வேர் அழுகிப் போகும். ரோஸ்மேரியும் மேட்டுப்பாத்தியில் வைத்தால்தான் நிற்கும்.

நிழல் மரத்துக்கு லைவ் ஓக்கை மிஞ்ச ஆளில்லை. 2021ல் இலை பழுத்துக் கொட்டியது, வசந்தத்தில் திரும்பத் தளிர்த்தது. ஆனால் அது பெரிய இடம் கேட்கும். சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி வையுங்கள். தண்ணீர் தேங்கும் மூலை இருந்தால் பால்ட் சைப்ரஸ் வையுங்கள். சதுப்பில் பிறந்த மரம், கேட்டியின் களிமண் அதற்குப் பொருட்டே இல்லை. சின்னத் தோட்டத்துக்குக் கிரேப் மிர்ட்டில் போதும். நம் ஊர்ச் சாலையோரத்தில் ஊதாவாகப் பூக்கும் பூமருதுக்குப் பங்காளி இது. பூமருது இங்கே பிழைக்காது, இது பிழைக்கும். ஒரே வேண்டுகோள், தோட்ட வேலைக்கு வருபவர்கள் ஒவ்வொரு பிப்ரவரியும் இதன் தலையை மொட்டையடிப்பார்கள், விடாதீர்கள்.

பனை வகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது அதில்தான். பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அது செத்தால் மரம் செத்தது, பக்கத்தில் கிளைக்கும் வழியில்லை. குயீன் பாம் 20 டிகிரியிலேயே தள்ளாட ஆரம்பிக்கும். வீட்டு வாசலில் அழகாக இருக்கும் குட்டை பிக்மி டேட் பாம் அதற்கும் முன்பே போய்விடும். நெடுநெடுவென்று உயரும் மெக்சிகன் ஃபேன் பாம் 2021ல் ஊர் முழுக்கச் செத்தது. வருடக்கணக்கில் அந்தக் கம்பங்கள் நெடுஞ்சாலையோரம் நின்றன. அதன் தடித்த உறவான கலிஃபோர்னியா ஃபேன் பாம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நம்பிக்கையாக வைக்க வேண்டுமானால் டெக்சஸ் சேபல், குட்டையாக வேண்டுமானால் ட்வார்ஃப் பால்மெட்டோ. இரண்டும் இந்த மண்ணுக்கே உரியவை. சீனாவிலிருந்து வந்த விண்ட்மில் பாம் 10 டிகிரி வரைக்கும் கவலைப்படாது, நிழலிலும் வளரும். இறகு மாதிரி வளைந்த ஓலைதான் வேண்டும் என்றால் பிண்டோ பாம். வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஆனால் 15ஐப் பார்த்த மரங்களும் நிற்கின்றன.

உங்கள் குயீன் பாம்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஏணி வைத்து ஏறி, விரியாமல் நடுவில் நிற்கும் ஈட்டிக் குருத்தைப் பிடித்து இழுங்கள். அடியில் அழுகி, நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டால் நிலைமை மோசம். சில மரங்கள் அதற்குப் பிறகும் உள்ளிருந்து புதுக் குருத்து விடும். கோடை முடியும்வரை ஒன்றும் வரவில்லை என்றால் வெட்டிவிடலாம். அதே இடத்தில் மறுபடி குயீன் பாம் வாங்காதீர்கள், நர்சரிக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். சாகோ பாம் என்று விற்பது பனையே இல்லை, சைகஸ். கடுங்குளிரில் அதன் ஓலை எல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும், நடுவில் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் கோடைக்குள் புது ஓலை வட்டமாக விரியும். ஆனால் வீட்டில் நாய் இருந்தால் வேண்டாம். அதன் கொட்டை நாய்க்குக் கொடிய விஷம்.

வேலிக்கும் முகப்புக்கும் என் முதல் தேர்வு யோப்பான் ஹாலி. இங்கேயே காட்டில் வளர்வது, வெட்டினால் வெட்டின வடிவத்தில் நிற்கும், பெண்செடியில் குளிர்காலம் முழுக்கச் சிவப்புப் பழம். அதன் இலையில் காஃபீன் உண்டு. பூர்வகுடிகள் அதைக் காய்ச்சிக் குடித்தார்கள், இப்போதும் தேநீராக விற்கிறார்கள். குட்டை ரகமும் கிடைக்கும். உயரமான மறைப்பு சீக்கிரம் வேண்டும் என்றால் வாக்ஸ் மிர்ட்டில். நிழலில் சசாங்குவா கமீலியா, வெயிலில் லோரோபெட்டலம். பைனாப்பிள் குவாவா என்ற ஃபெய்ஜோவா இலை சாம்பல் பச்சை, பூவின் இதழைத் தின்னலாம், சர்க்கரை போட்ட மாதிரி இனிக்கும். கார்டீனியாவும் வரும், ஆனால் நம் மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் காரத்தன்மை அதிகம், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கு அந்த வேலையில் பொறுமை இல்லை. பிரிவெட், நந்தினா இரண்டும் எந்தக் குளிரிலும் சாகாது, அதுதான் பிரச்சினையும். பறவைகள் பழத்தைத் தின்று காடெல்லாம் பரப்பிவிடும். வைக்காதீர்கள். இப்படியே பரவும் சைனீஸ் டாலோ மரத்தை டெக்சஸில் விற்கவே தடை.

சரி, நம் ஊர்ச் செடிகளுக்கு வருவோம். இதில் நல்ல செய்தி, நீங்கள் நினைப்பதைவிட அதிகமானவை வேரில் உயிரை வைத்துக்கொள்ளும். மயில்கொன்றையை இங்கே பிரைட் ஆஃப் பார்படோஸ் என்பார்கள். முதல் கடுங்குளிரில் மேலே எல்லாம் செத்துக் குச்சியாக நிற்கும். மார்ச்சில் மற்ற செடிகள் துளிர்க்கும்போது இது மட்டும் அசையாது. செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுபவர்கள் அதிகம். மே மாதம் வரை விட்டுப் பாருங்கள், அடியிலிருந்து கிளம்பி ஆகஸ்டில் ஆளுயரத்துக்குப் பூத்துக் கொட்டும். எஸ்பரான்சா என்று விற்கும் மஞ்சள் டெக்கோமா, நீலப் பூ பிளம்பேகோ இரண்டும் இதே குணம். அரளியும் அப்படித்தான். கால்வெஸ்டன் தீவை அரளி நகரம் என்றே சொல்வார்கள். 2021ல் அங்கே அரளியெல்லாம் கருகிப்போனது, அடியோடு வெட்டிவிட்ட இடத்திலிருந்து பெரும்பாலும் திரும்ப வந்துவிட்டது.

முருங்கை தண்ணீராகி விழும். உறைந்த தண்டை அமுக்கினால் விரல் உள்ளே போகும். முதல் உறைபனிக்கு முன்பே இரண்டடி விட்டு அறுத்து, அடியைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு இலைச்சருகோ மரத்தூளோ மூடாக்குப் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் துளிர்க்கும், கோடைக்குள் கூரையைத் தொடும். கீரை தாராளமாகக் கிடைக்கும். காய் வேண்டும் என்றால் ரகம் முக்கியம். நாட்டு மரமுருங்கை பூக்க நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பிகேஎம்-1 செடிமுருங்கை விதைத்து ஆறு மாதத்தில் காய்ப்பதால் நம் பருவத்துக்குள் முடித்துவிடும்.

வாழையிலும் இதே சிக்கல்தான். கிழங்கு சாகாது, இலை அறுக்க எப்போதும் கிடைக்கும். ஆனால் தார் போட அதே தண்டு ஒரு குளிர்காலத்தைத் தாண்டி நிற்க வேண்டும். தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டி உள்ளே சருகு நிரப்பி வைத்தால் மிதமான வருடத்தில் தப்பிக்கும். மஞ்சள் கிழங்கு மண்ணுக்குள் தூங்கி எழுந்துவிடும். இலையோடு பொங்கலுக்குக் கட்ட வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஜனவரியில் இலை இருக்காது.

குண்டுமல்லி, கறிவேப்பிலை இரண்டும் மூத்த செடியானால் மூடாக்கின் கீழ் வேரில் தப்பலாம். நான் அதை நம்பி மண்ணில் வைக்கச் சொல்ல மாட்டேன். சக்கரம் வைத்த தட்டில் பெரிய தொட்டி, 35க்குக் கீழே போகும் என்றால் கராஜுக்குள். அவ்வளவுதான். தொட்டிச் செடிக்கு வேரைச் சுற்றி மண்ணின் சூடு கிடையாது என்பதால் வெளியே விட்டால் நிலத்தில் இருப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். இட்லிப்பூ, நந்தியாவட்டை, பிளூமேரியா என்று விற்கும் பெருங்கள்ளி எல்லாம் இந்தத் தொட்டிக் கணக்கில்தான். பெருங்கள்ளியை இலை உதிர்ந்த பிறகு பிடுங்கிச் சாக்கில் போட்டு மூலையில் வைத்தாலும் வசந்தத்தில் நட்டால் வரும். மா, வேம்பு இரண்டுக்கும் இங்கே எனக்குத் தெரிந்து நிம்மதியான வழி இல்லை.

மண்ணிலேயே மல்லி மணம் வேண்டும் என்றால் ஸ்டார் ஜாஸ்மின் கொடி உண்டு. மல்லிக்குச் சொந்தமே இல்லை, ஒடித்தால் பால் வரும். சரம் தொடுக்கச் சரிப்படாது. ஆனால் ஏப்ரலில் வேலி முழுக்கப் பூத்து மணக்கும், 10 டிகிரி வரை தாங்கும். செம்பருத்திக்குப் பதில் டர்க்ஸ் கேப். விரியாத செம்பருத்தி மொட்டு போலவே பூ, நிழலில் வளரும், ஹம்மிங் பறவை தேடி வரும். பூஜைக்குப் பெரிய சிவப்புப் பூதான் வேண்டும் என்றால் டெக்சஸ் ஸ்டார் ஹைபிஸ்கஸ். குளிரில் தரையோடு போய் வசந்தத்தில் எழும். பழத்துக்கு மாதுளை, அத்தி, சட்சுமா ஆரஞ்சு வையுங்கள். லொக்காட் மரம் குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் அது பூப்பதே குளிர்காலத்தில் என்பதால் 27க்குக் கீழே போன வருடம் பழம் கிடையாது.

அட்டையில் போட்ட எண் ஓர் எல்லைக்குத்தான் நிஜம். ஒரே செடி டிசம்பரில் 20ஐத் தாங்கும், அக்டோபரில் 28ல் செத்துவிடும். பகல் குறைந்து ராத்திரி மெல்லக் குளிரும்போது செடி தன் செல்லுக்குள் சர்க்கரையை ஏற்றி, தண்ணீரைக் குறைத்துக்கொண்டு தயாராகிறது. அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். இங்கே வளைகுடாக் கரையில் முந்தின நாள் டி-ஷர்ட்டில் நடந்திருப்போம், மறுநாள் வடக்கிலிருந்து காற்று இறங்கும். தயாராகாத இளந்தளிர்தான் முதலில் போகும். அதனால் செப்டம்பருக்குப் பிறகு நைட்ரஜன் உரம் வேண்டாம், இலையுதிர்காலத்தில் கத்திரியும் வேண்டாம். சோன் 8 மரங்களை நவம்பரில் நடலாம். தள்ளாடும் ரகங்களை மார்ச் கடைசியில் நட்டால் ஒரு முழுக் கோடை வேர் பிடிக்கக் கிடைக்கும்.

இடமும் முக்கியம். தெற்குப் பார்த்த செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். சட்சுமாவும் அரைகுறைத் துணிச்சல் செடிகளும் அங்கே. பின்வேலியோரம் தாழ்ந்த பகுதியில் குளிர்காற்று வந்து தேங்கும், அங்கே கெட்டி ஆட்களை நிறுத்துங்கள். நகர மையத்தைவிடக் கேட்டி ராத்திரியில் சில டிகிரி கூடுதலாகக் குளிரும் என்பதால், உள்நகர நண்பர் வீட்டில் நிற்கிற செடி உங்கள் வீட்டில் நிற்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

குளிர் வரும் என்று செய்தி வந்தால், முந்தின நாள் மண்ணை நன்றாக நனையுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும். போர்வை தரைவரை விழ வேண்டும், ஓரத்தில் செங்கல். சூடு மண்ணிலிருந்துதான் வருகிறது, அதனால் தண்டோடு சேர்த்துப் பொட்டலம் கட்டினால் பிரயோசனம் இல்லை. உள்ளே பழைய மாதிரி குண்டு பல்பு சரம் போட்டால் கொஞ்சம் உதவும். எல்இடியில் சூடே இல்லை. ஆனால் இதெல்லாம் காற்றில்லாத தெளிந்த ராத்திரிக்குத்தான். 2021 போல நாள் கணக்கில் வாடைக்காற்று அடித்தால் துணி பெரிதாகக் காப்பாற்றாது. அந்த வாரம் டெக்சஸில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரமும் போனது, ஹீட்டர் வைத்த கண்ணாடி வீடுகளும் உறைந்தன. மின்சாரம் இருந்தால்தான் பிழைக்கும் என்கிற செடியை நிரந்தர இடத்தில் வைக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

குளிர் போனதும் கத்திரியை எடுக்காதீர்கள். கருகின இலை அசிங்கமாக இருந்தாலும் அடுத்த உறைபனிக்கு அது ஒரு மறைப்பு. கொழகொழவென்று அழுகுவதை மட்டும் எடுத்துவிட்டு, மரத்தண்டு உள்ளவற்றை மார்ச் நடு வரை விடுங்கள். பிறகு நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் கீழே இன்னும் கீழே என்று சுரண்டிக்கொண்டு போய்ப் பச்சை தெரியும் இடத்துக்கு மேல் வெட்டுங்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் மட்டும் இன்னொன்றைக் கவனியுங்கள். அடியிலிருந்து ஜோராகத் துளிர்க்கும், மரம் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். இலையைப் பாருங்கள். வில்வம் மாதிரி மூன்று மூன்றாக, கூடவே நீள முள் இருந்தால் அது உங்கள் ஆரஞ்சு இல்லை. ஒட்டுக்குக் கீழே இருந்த ட்ரைஃபோலியேட் வேர்ச்செடி. அது எந்தக் குளிருக்கும் சாகாது, காய் கசப்பு, கொட்டை அதிகம். ஒட்டுக்கு மேலே பச்சை இல்லை என்றால் பிடுங்கிவிட்டு வேறு வையுங்கள். ஒட்டாமல் சொந்த வேரில் வளர்த்த சட்சுமா கிடைத்தால் அதையே வாங்குங்கள், தரையோடு போனாலும் திரும்பி வருவது அதே சட்சுமாவாக இருக்கும்.

வாங்குவதற்கு, மார்ச்சில் பெரிய கடைகளின் வாசலில் பூத்துக் குலுங்கும் வண்டிகளைத் தாண்டிப் போங்கள். தென் ஃபுளோரிடாவில் வளர்ந்த வெப்பமண்டலச் செடிகள் அதில் நிறைய இருக்கும். உங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) மாஸ்டர் கார்டனர்கள், அதாவது பயிற்சி பெற்ற தன்னார்வத் தோட்டக்காரர்கள், குளிர்கால முடிவில் பழமர விற்பனை நடத்துவார்கள். இந்த ஊருக்கு ஒத்துவரும் ரகம் எது என்று பார்த்தே கொண்டுவருவார்கள், கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். கறிவேப்பிலையை மட்டும் வேறு மாநில உறவினர் வீட்டிலிருந்து காரில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எலுமிச்சைக் குடும்பத்தையே அழிக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும், அதனால் கட்டுப்பாடு இருக்கிறது. 2012ல் டெக்சஸுக்குள்ளும் அந்த நோய் வந்துவிட்டது. உரிமம் உள்ள நர்சரியிலேயே கறிவேப்பிலைக் கன்று கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட.